கோட்டில் விழுந்த மூன்றாவது குழி

எலுமிச்சம்பழத்தை ஊறுகாய்க்கும் ஜூஸுக்கும் தவிர வேறு எதற்கும் வாங்கியறியாதவள் நான். என் கல்யாணத்துக்கு ராகுகாலமெல்லாம் பார்க்க வேண்டாம் என்று அடம்பிடித்து அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவள். பிஸிக்ஸ் படித்துவிட்டு இருபது வருஷத்துக்கு மேலாகப் பிள்ளைகளுக்கு அதையே சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறேன். ஹாஸ்டலில் பேயைப் பார்த்தேன் என்று அழுதுகொண்டு வந்த ஒரு பெண்ணை, முதலில் போய்க் கண் டாக்டரைப் பார் என்று அனுப்பியிருக்கிறேன். அப்படிப்பட்டவள் சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும்.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. நான் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு எங்கள் பேராசிரியரிடம் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். கொல்லிமலையில் மார்கழி, தை மாதங்களில் ஏறும் மூடுபனியின் துளிகள் எவ்வளவு பெரியவை என்று அளப்பதுதான் வேலை. அது தெரிந்தால் வலை கட்டித் தண்ணீர் பிடிக்கலாமா, கோடையில் குடிக்க ஆகுமா என்று கணக்குப் போடலாம் என்பது சாரின் யோசனை. சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில்தான் எங்கள் ஊர், மலையைப் பார்த்தே வளர்ந்தவள், ஆனாலும் எழுபது கொண்டை ஊசி வளைவையும் வாந்தி எடுக்காமல் ஏறியது அந்த வருஷம்தான் முதல் தடவை.

மலைமேல் ஊர்க்கூட்டத்தை நாடு என்பார்கள், அப்படித் திருப்புலி நாட்டில் ஒரு மேட்டு நிலத்தில் சடையன் என்பவரின் வீடு, அவர்கள் பேச்சில் ஊடு. ஊட்டுக்குப் பக்கத்தில் மரவள்ளிக் கிழங்கு போட்டு வைக்கிற கொட்டகை ஒன்று இருந்தது, அதை எங்களுக்கு விட்டிருந்தார்கள். கொட்டகைக்குள் கம்ப்யூட்டர். வெளியே இரண்டு மேஜை, நடுவில் நாலு எட்டு இடைவெளி. ஒரு மேஜையில் லேசர், எதிர் மேஜையில் அதைப் பிடிக்கிற கண்ணாடிப் பெட்டி. மூடுபனியில் வரும் பஸ்ஸின் விளக்கைச் சுற்றி ஒரு வட்டம் தெரியும், பார்த்திருப்பீர்கள். அதேதான் சங்கதி. காற்றில் மிதக்கும் துளிமேல் லேசர் பட்டால் வெளிச்சம் சிதறும். பெரிய துளி கிட்டத்திலேயே சிதறடிக்கும், பொடித் துளி அகலமாகச் சிதறடிக்கும். எந்த அகலத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று பெட்டி பார்த்துச் சொன்னால், துளியின் அளவைக் கம்ப்யூட்டர் கோடாகப் போட்டுக் காட்டும். பத்து விநாடிக்கு ஒரு கோடு, நேரத்தோடு பதிவாகிக்கொண்டே இருக்கும்.

இதில் ஒரு முறை உண்டு, அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் பனி ஏறுவதற்கு முன்னால், காற்று சுத்தமாக இருக்கும்போது வெறுங்காற்றை ஒரு தடவை அளந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு வருகிற எல்லா அளவிலிருந்தும் அந்த வெறுங்காற்றுக் கணக்கைக் கம்ப்யூட்டர் கழித்துவிடும். அந்தக் குளிரில் வாயைத் திறந்தாலே புகை வரும், அந்தப் புகையும் பொடித் துளிதான். அதனால் வெறுங்காற்று எடுக்கும்போது பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாரும் மூச்சை அடக்க வேண்டும். நான் கொட்டகைக்குள்ளிருந்து "மூச்ச அடக்குங்க" என்பேன், பத்து எண்ணிவிட்டு "வுடுங்க" என்பேன்.

சடையன் அண்ணனின் சம்சாரம் பொன்னம்மாள். பொன்னக்கா என்றுதான் கூப்பிடுவேன். நாற்பது வயசு இருக்கும், பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். தினமும் காலையில் தூக்குப்போசியில் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, அந்தப் பக்கம் இருக்கும் மிளகுக் காட்டுக்குப் போவார். அவர் காலங்காலமாக நடக்கிற தடம் எங்கள் இரண்டு மேஜைக்கும் நடுவில் போனது, அதைச் சொல்ல வேண்டும். தடத்தின் மேல் மேஜை போட்டது நாங்கள்தான்.

"ஏங்கண்ணு, எந்நேரமும் அந்தப் பொட்டியவே பாத்துட்டு இருக்கறீங்களே, அது என்னத்தத்தான் சொல்லுது?"

"பனியில இருக்கற தண்ணி எத்தன பெருசுன்னு சொல்லுதுங்க்கா."

"அதுக்கெதுக்குக் கண்ணு இத்தன பாடு? கொடத்துல மொண்டு பாத்தாத் தெரிஞ்சுட்டுப் போவுது!"

மூச்சடக்கும் வேலை மட்டும் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நான் சொன்னதும் கன்னத்தை உப்பிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்பார். ஒரு நாள் நான் வுடுங்க என்று சொல்ல மறந்து கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வெளியே வந்து பார்த்தால் மனுஷி முகம் செவந்து போய் இன்னும் அடக்கிக்கொண்டு நிற்கிறார். "ஐயோ, வுடுங்க்கா!" என்று கத்தினேன். மூச்சு வாங்கிக்கொண்டே சிரிக்கிறார், "நீங்க சொல்லாம நான் எப்படிக் கண்ணு வுடறது?" என்று. வெகுளி என்றால் அப்படி ஒரு வெகுளி.

விஷயம் நடந்தது ஒரு வியாழக்கிழமை. அதற்கு முந்தின நாள் பொன்னக்கா விறகுக் கட்டோடு லேசர் கதிருக்குக் குறுக்கே நடந்து, நல்ல பனி நேரத்தில் எடுத்த கோடுகளையெல்லாம் பாழாக்கியிருந்தார். சார் என்னைத்தான் காய்ச்சி எடுத்தார். ஒரு பொம்பளையத் தடுத்து நிறுத்த முடியல, நீ என்ன ஆராய்ச்சி பண்ணப்போறே என்று கேட்டார். அந்தக் கடுப்பு ராத்திரி முழுக்க எனக்குள் கிடந்து வெந்தது. காலையில் சார் நாமக்கல்லுக்குப் போய்விட்டார், நான் தனி. அன்றைக்கென்று பார்த்துப் பனி சீக்கிரமே ஏற ஆரம்பித்துவிட்டது, கீழே சரிவில் வெள்ளையாகப் பொங்கி வருகிறது. இப்போது வெறுங்காற்று எடுக்காவிட்டால் அன்றைய நாளே போச்சு. ஓடிப் போய்ப் பட்டனைத் தட்டினேன். தட்டுகிற அதே நேரம், பொன்னக்கா தூக்குப்போசியோடு கதிருக்குப் பக்கத்தில் வந்து நின்று, ஏதோ ஆடு குட்டி போட்ட கதையை ஆரம்பிக்கிறார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. மூச்சை அடக்கச் சொல்லவில்லை. கொட்டகைக்குள்ளிருந்தே கத்தினேன்.

"உங்களுக்கு எத்தன தடவ சொல்றது? படிக்காதவங்களோட மல்லுக்கட்டியே என் உசுரு போவுது. இனிமே இந்தப் பக்கமே வராதீங்க, சுத்திப் போங்க!"

படிக்காதவங்க என்று சொன்னேன், ஆமாம். அதை இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பொன்னக்கா பதறிப் போய், "இல்லீங்க கண்ணு, காப்பி ஆறிப்போயிருமேன்னுதான்" என்று கதிருக்கு மேலேயே குனிந்து நின்று சமாதானம் சொன்னார். அப்புறம் போசியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். காப்பியைக்கூட வைக்கவில்லை.

பனி வந்து மூடிக்கொண்டது. இரண்டு மேஜைக்கு நடுவில் சிவப்பு நூல் கட்டியது போலக் கதிர் பளிச்சென்று தெரிந்தது, அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. கம்ப்யூட்டரில் பனித் துளியின் மேடு அழகாக வந்தது. ஆனால் பொடித் துளி இருக்க வேண்டிய இடத்தில் கோடு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி ஒரு குழி விழுந்திருந்தது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. வெறுங்காற்று என்று நான் எடுத்ததில் பொன்னக்காவின் மூச்சும் சேர்ந்துவிட்டது. ஆக அந்த மிஷினைப் பொறுத்தவரை பொன்னக்கா அங்கே நின்று மூச்சு விட்டால்தான் சாதாரணம், கோடு சமமாக இருக்கும். அவர் இல்லையென்றால் குழி. முட்டாள்தனம் என்னுடையது, திரும்ப எடுக்கவும் வழியில்லை. அன்று முழுக்க இந்தக் குழியோடுதான் அழ வேண்டும் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

பத்து மணி வாக்கில் சடையன் அண்ணன் வந்தார். "ஏனுங்க, எங்கூட்டுக்காரி இங்கே வந்தாளுங்களா? மொளகுக் காட்டுலயும் ஆளக் காணோம்."

நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன், நான்தான் திட்டிச் சுற்றிப் போகச் சொன்னேன் என்று. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுற்றிப் போக இரண்டு வழி. எங்கள் கொட்டகைக்கு முன்னால் திரும்பி மேலே பலாமரத்தை ஒட்டிப் போகிற வழி ஒன்று, கீழே ஓடைச் சரிவை ஒட்டி ஒற்றைக் காலடித் தடம் ஒன்று.

"மேல் தடத்துலதான் போயிருப்பா. மூட்டத்துல ஓடைப் பக்கம் எவனும் கால் வைக்க மாட்டான், காலு நழுவுனா அவ்வளவுதானுங்க" என்று சொல்லிவிட்டு, அக்கம்பக்கத்து ஆட்கள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு மேலே போனார். கூப்பிடுகிற சத்தம் தூரத்தில் கேட்டுக்கொண்டே இருந்தது. பதில் சத்தம் இல்லை.

நானும் வருகிறேன் என்றதற்கு, நீங்களும் தொலைஞ்சு போனா ரெண்டு பேரத் தேடோணும், இங்கயே இருங்க என்று சொல்லிவிட்டார். கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்தேன். வேறென்ன செய்ய? அந்த மனுஷிக்கு ஏதாவது ஆகியிருந்தால் அது என் வாய் செய்த கொலை, அது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது. சும்மா கண் அந்தத் திரையில் இருந்தது.

குழி நிரம்பியது.

இயந்திரக் கோளாறு என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி குழி விழுந்தது, மறுபடி நிரம்பியது. நிரம்பும்போது கோடு அத்தனை சுத்தமாக இருந்தது, கதிருக்குப் பக்கத்தில் பொன்னக்கா வந்து நின்று மூச்சு விட்டால் எப்படி இருக்குமோ அப்படி. எழுந்து வெளியே போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை, மேஜையும் பனியும்தான். காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க ஒரு மூங்கிலில் பொன்னக்காவின் பழைய சேலைக் கரையைக் கிழித்துக் கட்டியிருந்தோம். அதையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தேன். ஓடைப் பக்கமிருந்து காற்று வந்தால் குழி நிரம்புகிறது. காற்று திரும்பினால் குழி விழுகிறது. நாலு தடவை பார்த்தேன், நாலு தடவையும் அப்படியே.

ஓடைச் சரிவு அங்கிருந்து ஒரு பர்லாங்குக்கு மேல் இருக்கும். அங்கே ஒருவர் விட்ட மூச்சு இங்கே வந்து சேராது. ரெண்டு முழம் தாண்டுவதற்குள் கலைந்துவிடும், இதை நான் பரீட்சையிலேயே எழுதியிருக்கிறேன். தெரிந்தும் நான் செய்ததைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். காற்று ஓடைப் பக்கமிருந்தே நிலையாக வந்துகொண்டிருந்த நேரம் பார்த்துத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, மெதுவாக, தினமும் சொல்கிற மாதிரியே சொன்னேன்.

"பொன்னக்கா, மூச்ச அடக்குங்க."

குழி விழுந்தது. வெளியே சேலைக் கரை திசை மாறாமல் ஓடைக்கு எதிர்ப்பக்கமே பறந்துகொண்டிருந்தது. பத்து எண்ணினேன். "வுடுங்க" என்றேன். அடுத்த கோட்டில் குழி நிரம்பியது.

தற்செயல் என்று இன்னொரு தடவை சொன்னேன். அடக்குங்க, குழி. வுடுங்க, சமம். அவ்வளவுதான், நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடினேன். அந்த உசுரு இருக்கிறது, ஓடைப் பக்கம் இருக்கிறது, அதற்கு மேல் எனக்கு ஒரு மண்ணும் யோசிக்கத் தோன்றவில்லை. மேல் தடத்தில் கத்திக்கொண்டே போய்ச் சடையன் அண்ணனைப் பிடித்தேன்.

"அண்ணா, ஓடைப் பக்கம் வாங்க. அங்கதான் இருக்காங்க."

"உங்களுக்கெப்படித் தெரியும்?"

"மிஷின்ல தெரிஞ்சுது" என்றேன். பொய்யும் இல்லை, நிஜமும் இல்லை. அவர் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் திரும்பி நடந்தார். மலைக்காரர்கள் பின்னால் நானும் தடியை ஊன்றிக்கொண்டு அந்தக் காலடித் தடத்தில் போனேன். கால் மணி நேரம் தேடியிருப்போம். கீழே ஓடையின் இரைச்சல், கூப்பிட்டால் பத்தடி தாண்டிக் கேட்காது. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. ஒருவர், "இங்க இல்லீங்க, இதுக்கு மேல போனா நாமளும் உருண்டுருவோம், திரும்பலாம்" என்றார். சடையன் அண்ணனும் நின்றுவிட்டார். எல்லாரும் திரும்பி நாலு எட்டு வைத்திருப்போம்.

டங். டங். டங்.

எங்கள் காலுக்கு நேர் கீழே, பாறையில் பாத்திரத்தை அடிக்கிற சத்தம்.

சரிவில் மிளகுக் கொடி ஏறிய மரம் ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்தார் பொன்னக்கா. கால் மடங்கியிருந்தது, நெற்றியில் அடி, தொண்டை கட்டிப் போய்க் குரலே வரவில்லை. கையில் அந்தத் தூக்குப்போசி. கயிறு கட்டி இறங்கி, கம்பளியில் தூளி கட்டித் தூக்கி மேலே கொண்டுவந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "காப்பியெல்லாம் கொட்டிப்போச்சு கண்ணு." நான் அவர் மேல் விழுந்து ஓவென்று அழுதேன், அறிவில்லையா உங்களுக்கு, ஓடைப் பக்கம் எதுக்குப் போனீங்க என்று திட்டிக்கொண்டே அழுதேன்.

"மேல் தடத்துல போனா உங்க பொட்டிக்கு முன்னால திரும்பவும் வரோணுமில்லீங்க. நீங்க மறுக்காச் சத்தம் போடுவீங்கன்னு கீழால போனேன்."

இன்றைக்கும் பிள்ளைகளைத் திட்ட வாய் எடுக்கும்போது அந்த வார்த்தை வந்து குறுக்கே நிற்கும்.

கணுக்கால் எலும்பு முறிவு, வேறொன்றும் பெரிதாக இல்லை என்று கீழே ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அன்றைக்கு ராத்திரி நான் தூங்கிய தூக்கம் போல வாழ்க்கையில் தூங்கியதில்லை. பெரிய பாறையை மார்பிலிருந்து இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

நாலு நாள் கழித்து, மாவுக்கட்டோடு ஊட்டில் உட்கார்ந்திருந்தவரைப் பார்க்கப் போனேன். படிக்காதவங்க என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அட போங்க கண்ணு, நான் படிக்காதவதானே" என்று சிரித்தார். அப்புறம் சாதாரணமாக, பக்கத்து ஊட்டுச் சங்கதி சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"நீங்க கூட இருந்ததாலதான் கண்ணு பயமில்லாமக் கெடந்தேன்."

"நான் எங்கக்கா இருந்தேன்?"

"காதுக்குப் பக்கத்துலதானே பேசுனீங்க? மூச்ச அடக்குங்கன்னீங்க, அடக்குனேன். வுடுங்கன்னீங்க, வுட்டேன். மறுக்கா அடக்கச் சொன்னீங்க, வுடச் சொன்னீங்க. மூணாவது தடவ நீங்க சொல்லி அடக்குனப்பத்தான் தலைக்கு மேல தடி ஊனற சத்தம் கேட்டுது. அதுவரைக்கும் என்ற மூச்சு எரைச்சல்ல எனக்கு ஒன்னும் கேக்கல. அப்பத்தான் போசிய எடுத்துப் பாறையில அடிச்சேன்."

நான் மிஷினில் பார்த்ததை அந்த ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. கொட்டகைக்குள் தனியாக உட்கார்ந்து நான் முணுமுணுத்தது எனக்கு மட்டும்தான் தெரியும். அதுவும் நான் சொன்னது இரண்டு தடவை.

கொட்டகைக்கு ஓடிப் போய் அன்றைய பதிவைத் திறந்து பார்த்தேன். நான் அடக்கச் சொன்ன நேரத்தில் ஒரு குழி, அடுத்து ஒரு குழி. அப்புறம் நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிய பின், ஆளில்லாத கொட்டகையில் மிஷின் தானாகப் பதிந்துகொண்டே இருந்திருக்கிறது. அரை மணிக்கு மேல் கோடு சமமாகப் போகிறது. அதற்குப் பிறகு மூன்றாவதாக ஒரு குழி. நாங்கள் சரிவில் நின்று திரும்பிவிடலாம் என்று பேசிய நேரம் ஏறக்குறைய அதுதான். சாரிடம் காட்டினேன். காற்று திரும்பியிருக்கும், வெறுங்காற்றை ஒழுங்காக எடுக்கத் தெரியாதவளுக்கு இதெல்லாம் தெரியத்தான் செய்யும் என்றார். இருக்கலாம். பொன்னக்காவுக்கு அடிபட்ட மயக்கத்தில் தினமும் கேட்ட குரல் ஞாபகம் வந்திருக்கலாம். நானே என் மாணவி யாராவது இப்படி வந்து சொன்னால் இதைத்தான் சொல்லுவேன். அந்த நேரத்துக் கோடுகளை மட்டும் அச்செடுத்து வைத்திருக்கிறேன், மை மங்கிவிட்டது, மூன்று குழியும் இன்னும் தெரிகிறது.

அந்த உசுரு பிழைத்தது, எனக்கு அது போதும். யார் சொன்னால் என்ன, நல்லதைத்தான் சொல்லியிருக்கிறது. அப்படி நினைத்துத்தான் இத்தனை வருஷமாக நிம்மதியாக இருக்கிறேன். ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தும். பொன்னக்கா இப்போது நன்றாக நடக்கிறார், பேரன் எடுத்துவிட்டார், ஒவ்வொரு பொங்கலுக்கும் மிளகு கொடுத்தனுப்பிவிட்டுப் போன் செய்வார். எல்லாக் கதையும் பேசி முடித்துவிட்டு, போனை வைப்பதற்கு முன்னால், ஏதோ தான் செய்த தப்பு போலத் தயங்கித் தயங்கி, வருஷம் தவறாமல் இதைக் கேட்பார்.

"ஏங்கண்ணு, அந்த மூணாவது தடவ நீங்க வுடுங்கன்னு சொல்லவே இல்லீங்களே. நானாத்தான் வுட்டுட்டேன். அது ஒன்னும் பரவால்லீங்களே?"